இன்னும் ஓரடி

மரியஅந்தோணி அளவு எடுப்பதைப் பார்க்க வேண்டும். எஃகு டேப்பின் கொக்கியைச் சட்டத்தின் முனையில் மாட்டிவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து போவார். குனிந்து எண்ணைப் பார்ப்பார். உதடு அசையாது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, இடது முன்கையின் உள்பக்கத்தில், முடியில்லாமல் வெளுத்திருக்கும் இடத்தில், அந்த எண்ணை எழுதிக்கொள்வார். டேப்பைச் சட்டென்று சுருள விட மாட்டார். கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்து, முரண்டு பண்ணும் கன்றைக் கட்டுத்தறிக்கு நடத்துவதைப் போல, கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே அனுப்புவார். மறுபடி இழுப்பார். மூன்று முறை. மூன்றும் ஒத்து வந்தால் எச்சில் தொட்டு இரண்டை அழித்துவிட்டு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்வார். அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். கேட்டால் கோபம் வரும்.

"சொன்னா ஆளாளுக்கு ஒரு விரக்கடை கூட்டிக் கொறைச்சுப்போடுவீங்க. பழி மட்டும் என்ர தலையிலீங்களா?"

எதற்கு வரும், எதற்கு வராது என்றில்லாமல் கோபம் வருகிறவர். ஆனால் எவ்வளவு கொதித்தாலும் 'ங்க' மட்டும் போகாது. வெல்டிங் பிடித்த இடம் ஆறுவதற்குள் அதன்மேல் தண்ணீரை ஊற்றிய ஒரு டிரைவரிடம், "அது இரும்புங்க சாமி, இட்லித் துணி இல்லீங்க. இப்ப நீங்க ஊத்துனீங்கல்ல, அந்த எடத்துலதான் ஒரு நாளைக்கு ஒடையும். அன்னைக்கு என்னையத் தேடாதீங்க, ஆஸ்பத்திரியைத் தேடுங்க" என்றார். "சும்மா ஒரு டச் வெச்சுக் குடுங்க, போதும்" என்று வருகிறவர்களை அவர் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட மனுசன் முறைத்துக்கொண்டுதான் முழந்தாளிடுவார் என்று அவர் மனைவி கிருபாவதி அக்கா ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.

நான் அவரோடு பழகியது தொண்ணூற்று மூன்றிலிருந்து தொண்ணூற்றைந்து வரை, சிங்காநல்லூரில், சுந்தரராஜுலு என்பவருடைய பாடி கட்டும் பட்டறையில். வாசலையொட்டி எனக்கு ஒரு மேசை. ஒரு வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் படம் கொடுக்க வேண்டும். அந்தப் படத்தை வரைவதும், சேஸில் குத்தியிருக்கும் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பதும் என் வேலை. நான் அதிகம் பேசாதவன் என்பதால் என்னையும் மேசையோடு சேர்த்தே எண்ணிக்கொண்டு, எனக்கு முன்னாலேயே எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவார்கள். டிராயரில் எப்போதும் ஒரு கவிதைப் புத்தகம் கிடக்கும். மரியஅந்தோணி ஒருநாள் அதை எடுத்துப் புரட்டினார்.

"வரியெல்லாம் பாதியிலயே வெட்டி வெச்சிருக்குதுங்களே தம்பி. அளவு பார்த்து வெட்டுனதுங்களா, இல்ல எடம் பத்தாம வெட்டுனதுங்களா?"

நான் படித்த எந்த விமர்சகரும் அதைக் கேட்டதில்லை.

அவருடைய அப்பா கொடுமுடிப் பக்கம் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். வாய்க்கால் தண்ணீரை எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்று பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஒரு மழைக்காலத்தில், இந்த மடை இன்றைக்குத் தாங்காது என்று போய்ச் சொல்லியிருக்கிறார். சகுனம் பேசுகிறான் என்று களத்தில் நிறுத்தி அடித்தார்களாம். "ஒடைஞ்சதுக்கு இல்லீங்க தம்பி. ஒடையும்னு சொன்னதுக்கு" என்பார் மரியஅந்தோணி. மாதாகோயில் சாமியார்கள் நடத்திய தொழிற்பள்ளியில் வெல்டிங் படித்துவிட்டுக் கோயமுத்தூர் வந்தவர், பதினெட்டு வருடமாக வண்டிகளின் சேஸை வெட்டி ஒட்டுவதையே தொழிலாக வைத்திருந்தார். சேஸ் என்பது வண்டிக்கு முதுகெலும்பு மாதிரி. முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள். அதன்மேல்தான் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. அதை வெட்டத் துணிகிறவர்கள் எங்கள் வட்டாரத்தில் நாலைந்து பேர்தான். பயப்பட்டு வெட்டியவர் இவர் ஒருவர்தான்.

தொண்ணூற்றைந்து ஆவணியில் பாலகோபால் ஒரு பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். சரவணம்பட்டிப் பக்கம் மோட்டார் பம்புக்கான வார்ப்புகளைக் கடைந்து கொடுக்கும் கம்பெனி அவருடையது. தோட்டமும் உண்டு. பிக்கப் ஏலத்தில் எடுத்தது. பின்னால் சரக்கு ஏற்றும் பாடி எட்டடி நீளம். அந்த நீளத்துக்கு வண்டி அவருடைய கம்பெனிச் சந்தில் திரும்பவில்லை. எங்கேயோ ஏழடிப் பாடி ஒன்று துருவேறாமல் கிடைத்திருந்தது. சேஸை ஓரடி குறைத்து அதை ஏற்றித் தர வேண்டும்.

வண்டியை ஓட்டி வந்தவர் காளிச்சாமி. முப்பதுகூட ஆகாதவர். இரண்டு பிள்ளைகள். பாலகோபாலின் தோட்டத்து ஓரத்தில் அவர்கள் கொடுத்திருந்த ஓட்டு வீட்டில் குடியிருந்தார். அவருடைய அப்பாவும் அதே தோட்டத்தில் உழைத்து, அதே வீட்டில் செத்தவர். காளிச்சாமி மரியஅந்தோணியை "அண்ணா" என்று கூப்பிட்டார். ஒரு வாரம் தினமும் வந்து, வேலை நடப்பதைக் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த ஒரு வார வேலையை நான் மறக்க முடியாது. தரையைச் சிமெண்ட் வெளுக்கும்வரை கூட்டிக் கழுவினார்கள். சேஸிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொட்ட இடங்களில் எல்லாம் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தார் மரியஅந்தோணி. வாசலில் கோலம் போடுகிற பெண்கள்கூட அவ்வளவு பார்த்து வைக்க மாட்டார்கள். மூலைக்கு மூலை கயிறு பிடித்தார். பிறகுதான் வெட்டு. நேர்கோட்டில் இல்லை, படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும் வெட்டு. நேராக வெட்டி ஒட்டினால் நேராகவே முறியும் என்பது அவர் கட்சி. வலப்பக்கம் ஒரு விரற்கடை வெல்டிங், இடப்பக்கம் ஒரு விரற்கடை, பிறகு ஆறுகிறவரை ஒரு பீடி. சூட்டில் சட்டம் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளக் கூடாது. ஒட்டின்மேல் உள்பக்கமாக நீளத் தட்டு வைத்து, அதையும் சுற்றி ஒட்டினார். என்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டை லேத்துக்கு அனுப்பி ஓரடி குறைத்து வாங்கினார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, யாரையோ திட்டுகிற முகத்தோடு, "நல்லாத்தான் வந்திருக்குதுங்க" என்றார்.

சனிக்கிழமை காலை நான் சேஸ் எண்ணைப் பென்சிலால் அச்சு எடுத்து வைத்தேன். பத்து மணிக்குப் பாலகோபால் வந்தார். கூடவே ஒரு தோல் பையோடு, மனையடி பார்க்கிற சோசியர்.

வீட்டு அறை எத்தனை அடி இருக்கலாம், எத்தனை அடி ஆகாது என்று பார்க்காமல் எங்கள் பக்கம் அஸ்திவாரக் கல்லே விழாது. மாட்டுக் கொட்டகைக்கும் பார்ப்பார்கள். ஆனால் வண்டிப் பாடிக்குப் பார்த்து அன்றைக்குத்தான் கண்டேன். சோசியர் பையிலிருந்து தன் டேப்பை எடுத்து, பாடியின் வெளிப்பக்கமாக இழுத்துப் பார்த்தார். சுருள் படாரென்று உள்ளே போனது.

"ஏழடி" என்றார்.

"அதுக்கென்னங்க?" என்றார் பாலகோபால்.

"ஏழு ஆகாதுங்க. தரித்திரம். ஆறுன்னா நன்மை, எட்டுன்னா அரசாளும்."

கையைத் துடைத்துக்கொண்டு நின்ற மரியஅந்தோணி சொன்னார்: "எட்டாத்தானுங்க வந்துச்சு. அப்படியே உட்டிருந்தா அரசாண்டிருக்கலாமுங்களே."

சுந்தரராஜுலு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பாலகோபால் சிரிக்கவில்லை.

"ஆறாக்கிரு" என்றார்.

"பாடியைத்தானுங்க? அது வெறும் தகரம், திங்கக்கெழமையே ஓரடி எடுத்துத் தாரனுங்க. சேஸ் இப்படியே இருக்கட்டும். கேபினுக்குப் பின்னால ஓரடி எடம் மிஞ்சும், ஸ்டெப்னியை நிறுத்திக்கலாமுங்க."

சோசியர் தலையை ஆட்டினார். "மொதலாளி உக்கார்ற எடத்துக்கும் சரக்குக்கும் நடுவால வெத்து எடம் உடக்கூடாதுங்க. கைக்கு வந்தது நிக்காது."

"மொதலாளி எங்கீங்க உக்கார்றாரு? காளிச்சாமியல்லீங்க உக்கார்றான்?"

"சேஸ்லயும் ஓரடி எடு. பேச்சு வேண்டாம்" என்றார் பாலகோபால்.

மரியஅந்தோணி தரையில் உட்கார்ந்து வண்டிக்கு அடியில் கையை நீட்டிக் காட்டினார். அவர் குரல் இறங்கிவிட்டது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"பாருங்க. கியர் பாக்ஸைத் தாங்குற குறுக்குச் சட்டம் இது. பின்னால ஸ்பிரிங் பட்டை மாட்டுற எடம் இது. இன்னும் ஓரடி எடுத்தா நடுவால ஒரு சாண் மிஞ்சாதுங்க. தட்டு வெச்சு ஒட்ட எடமில்லை. பாரம் பூரா அந்தத் தையல் மேலதான் நிக்கும். நீங்க ஏத்தப்போறது பஞ்சு இல்லீங்க, வார்ப்பு. ஷாஃப்ட்டும் குட்டையாயிரும். ஒரு பள்ளத்துல எறங்குனாக் கழண்டு ரோட்டுல குத்தும். வண்டி குட்டிக்கரணம் போடுமுங்க. ஓட்டறவன் செத்துப்போவானுங்க."

"ஏற்கெனவே வெட்டுனியே, அது ஒடையாதா?"

"அது ஒடையாதுங்க."

"அப்ப இதையும் ஒடையாத மாதிரி ஒட்டு."

"முடியாதுங்க. வெட்ட மாட்டனுங்க."

பாலகோபால் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கழுத்தில் கிடந்த சிலுவையில் பார்வை நின்றது. "பேரை மாத்திக்கிட்டா ஆளும் மாறிருச்சுன்னு நெனப்பாடா? உங்க அப்பனுக எங்க முன்னால துண்டு போட்டு நின்னதில்லை. நீ எனக்கு மாட்டேங்கறியா?"

பட்டறையில் பதினோரு பேர் இருந்தோம். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான். என் கையில் பென்சில் இருந்தது, அதைச் சீவிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் அந்தப் பென்சிலை நினைத்தால் என்மேல் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

"மாட்டனுங்க" என்றார் மரியஅந்தோணி மறுபடியும். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. அந்த 'ங்க'வை அவர் பல்லால் கடித்துத் துப்பியது போலிருந்தது.

பாலகோபால் திரும்பினார். "ஏண்டா காளி. நீ ஓட்டுவியா, மாட்டியா?"

காளிச்சாமி எழுந்து நின்றார். "ஓட்டுவனுங்க."

"கேட்டியா? ஓட்டறவனே சொல்லிப்போட்டான். உனக்கென்ன வலிக்குது?" பிறகு சுந்தரராஜுலுவிடம், "நாயக்கரே, உங்க ஆளு செய்யலீன்னா வேற ஆளை வெச்சுச் செய்யுங்க. இல்லாட்டி வண்டியை எடுத்துட்டுப் போறேன், இனிமேல் நம்ம சனம் எதுவும் உங்க பட்டறைக்கு வராது" என்றார்.

சுந்தரராஜுலு கெட்டவர் இல்லை. கோழை. திங்கட்கிழமை காலையில் இன்னொரு வெல்டரைக் கூட்டி வருவதாகவும், கேஸில் வெட்டி மத்தியானத்துக்குள் ஒட்டிவிடலாம் என்றும் சொன்னார். வந்தவர்கள் இருவரும் கிளம்பிப் போனார்கள். வண்டிக்குக் காவலாகக் காளிச்சாமியை விட்டுவிட்டுப் போனார்கள். கோபத்தில் அந்தோணி ஏதாவது செய்துவிடுவான் என்று பாலகோபால் என் காதுபடவே சொன்னார்.

சாப்பாட்டு நேரத்தில் நான் வெளியே போய்விட்டேன். உள்ளே இருக்கப் பிடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நின்று கிழக்கே போகிற பஸ்களின் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டரை மணிக்குத் திரும்பியபோது, படத்தை ஆறடிக்கு மாற்றி வரையச் சொன்னார் சுந்தரராஜுலு. ஓர் அளவைச் சரிபார்க்க வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன். எண் இல்லை. காலையில் நான் தாளை வைத்துத் தேய்த்த இடம், கிரைண்டர் போட்டுத் தேய்த்து, கண்ணாடி மாதிரி மின்னியது.

பாடி பட்டறையில் கிரைண்டர் சத்தத்துக்கு யாரும் தலைதூக்கிப் பார்ப்பதில்லை. பட்டறையில் இருந்த ஒரே கை கிரைண்டர் மரியஅந்தோணியுடையது. அதை வேறு யாரும் தொடத் துணிய மாட்டார்கள். அது வண்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் வேப்பமரத்தடியில் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் மேசைக்குத் திரும்பிப் போய், காலையில் எடுத்த அச்சுத் தாளை எடுத்துக் கவிதைப் புத்தகத்துக்குள் வைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த தைரியம் அவ்வளவுதான்.

எண் இல்லாத வண்டி காகிதத்தில் பிணம். மறுபடி குத்த வேண்டுமென்றால் மனு, விசாரணை, போலீஸ் சான்று. ஏலத்தில் எடுத்த அந்த வண்டியின் காகிதங்களில் ஏற்கெனவே ஏதோ கோளாறு. கிளற ஆரம்பித்தால் பாலகோபாலே மாட்டுவார்.

திங்கட்கிழமை புது வெல்டர் கேஸ் சிலிண்டரோடு வந்து நின்றார். மரியஅந்தோணியும் எப்போதும்போல எட்டு மணிக்கு வந்திருந்தார். படத்தோடு சேர்க்க அச்சு கேட்டார்கள். "இன்னும் எடுக்கலீங்க" என்றேன். பாலகோபாலே குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

எல்லாருக்கும் முன்னால் பாய்ந்தது காளிச்சாமிதான்.

"ஏய்யா, நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா? கண் அசந்த நேரத்துல வேலையைக் காட்டிப்போட்டியே! உன்ர வீம்புக்கு என்ர பொழப்புதான் கெடைச்சுதா? என்ர புள்ளைக சோத்துல மண்ணள்ளிப் போட்டியே, நீ வெளங்குவியா? உன்ர சாமி உன்னையச் சும்மா உடுமா?"

'அண்ணா' எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காலடியில் துப்பினார். அத்தனை நாளில் மரியஅந்தோணி திருப்பிப் பேசாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"நீதானேடா?" என்றார் பாலகோபால். மரியஅந்தோணி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

போலீசில் புகார் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. பாலகோபாலுக்குத் தெரிந்த ஏட்டு ஒருவர் சைக்கிளில் வந்து மரியஅந்தோணியை அழைத்துப் போனார். மறுநாள் சாயந்திரம் கிருபாவதி அக்கா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். இடது காது வீங்கியிருந்தது. அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. சுந்தரராஜுலு வாசலிலேயே நின்று, "கொஞ்ச நாளைக்கு வராம இருங்க அந்தோணி" என்றார். மரியஅந்தோணி டேப்பையும் தூக்குக்குண்டையும் கிரைண்டரையும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு போனார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

பிக்கப்பை இரண்டு மாதம் கழித்து உக்கடத்துப் பழைய இரும்புக்காரர் அப்துல் குத்தூஸ் எடையில் எடுத்துப் போனார். பாலகோபால் அதற்குள் சந்தில் திரும்பும் அளவில் புது வண்டியே வாங்கிவிட்டார். காளிச்சாமிதான் ஓட்டினார். முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் தொங்க அந்த வண்டி போவதை அவிநாசி ரோட்டில் அடிக்கடி பார்ப்பேன். காளிச்சாமி கை காட்டுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பாலகோபாலை வெறுத்ததைவிட அவரைத்தான் அதிகம் வெறுத்தேன். யாருக்காக ஒருத்தர் காதைக் கொடுத்தாரோ அவனே காலடியில் துப்பினான் என்று நண்பர்களிடம் சொல்லிச் சொல்லி ஆத்திரப்பட்டிருக்கிறேன்.

மரியஅந்தோணியைச் சூலூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் பார்த்தேன். ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்துகொண்டிருந்தார். சேஸ் வேலை அதன்பிறகு வரவில்லை. அவர் கை வைத்தால் வண்டி பிணமாகும் என்று பேச்சு பரவியிருந்தது. "கேட்டுக்குக் கீல் மூணு போடணும்னா ரெண்டு போதுங்கறாங்க தம்பி. ஒருநாளைக்குப் புள்ளைக மேல உழுகும்" என்று சத்தம் போட்டார். காளிச்சாமி பேச்சை எடுத்தேன். "அவனைப் பத்தி உங்களுக்கென்னங்க? போய் வேலையைப் பாருங்க" என்று என்மேல் பாய்ந்தார்.

தொண்ணூற்றொன்பது ஆடியில் ஒரு காரியத்துக்காகக் கொடுமுடிக்குப் போயிருந்தேன். காவிரிப் படித்துறையில் யாரோ தோளைத் தொட்டார்கள். காளிச்சாமி. பாலகோபாலின் வீட்டையும் வேலையையும் விட்டு ஒரு மாதம் ஆகிறது, கரூரில் மினிபஸ் ஓட்டுகிறேன் என்றார். நான் விலகப் பார்த்தேன். அவர் கையை விடவில்லை.

"இனி பயமில்லீங்க தம்பி, சொல்லிப்போடறன். அன்னைக்கு அந்த நம்பரைத் தேச்சது அண்ணன் இல்லீங்க, நானுங்க. அவரு சோறு திங்க உக்காந்திருந்தாரு. கிரைண்டரை நான் எடுக்கறதைப் பார்த்தாரு. எந்திரிச்சு வந்தாரு, அடிக்கத்தான் வாராருன்னு நெனைச்சனுங்க. 'உனக்குக் குடியிருக்க வேற ஊடு இல்லை. கேட்டா நான்னு இருக்கட்டும். நீ என்னையத் திட்டு, திட்டறதுன்னா நல்லாத் திட்டு'ன்னாருங்க. அப்புறம் நெத்தியில ஏத்தி வெச்சிருந்த, தீப்பொறிக்கு அவரு போடற கண்ணாடியைக் கழட்டி எனக்கு மாட்டியுட்டுட்டு, போயிச் சோத்துல உக்காந்துட்டாருங்க."